பேர் சொல்லிச் செபித்தவர்

தாராவியில் எங்கள் வரிசையில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் கதவைச் சாத்துவார்கள். முனகல் எங்களுக்கு அடுத்த வீட்டு அக்காவின் காதில் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் அவர் செபிப்பார்.

வெளியாளிடம் சொன்னால் சிரிப்பு வரும். கல்யாணமாகி பம்பாய் வந்த புதிதில் நானும் சிரித்தேன். "நமக்காக ஒருத்தர் வேண்டிக்கிட்டா நல்லதுதானே அத்தை?" என்று மாமியாரிடம் கேட்டேன். அத்தை அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லதுதான். கொத்தனார் பெண்டாட்டிகிட்டப் போயிக் கேளு, சொல்லுவா" என்றார்.

கொத்தனார் வீடு வரிசையின் கடைசியில் இருந்தது. பம்பாயில் அப்போது மதுவிலக்கு. ஆனாலும் சதுப்புக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகைகளில் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். கொத்தனார் வேலை விட்டதும் நேராக அங்கே நடப்பார். அவர் பெண்டாட்டி ஒரு நாள் குழாயடியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். "இந்தாளு அங்க போகாம இருக்கணும்க்கா. வேற ஒண்ணும் வேண்டாம்." அக்கா அன்றைக்கே செபித்தார். ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலம் முடிவதற்குள் கொத்தனார் ஸ்டேஷனில் ஓடுகிற வண்டியில் தொற்றப் போய், மேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் விழுந்தார். ஒரு கால் முழங்காலோடு போயிற்று. அதற்குப் பிறகு சதுப்பைத் தாண்டி நடக்க அவரால் முடியவில்லை.

கேட்டது நடந்துவிட்டது. கொத்தனார் பெண்டாட்டி அக்காவை ஒரு வார்த்தை ஏசவில்லை. குழாயடிக்கு வரும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

அக்காவைப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இருக்காது. குள்ளமான உருவம். முன்நெற்றியில் மட்டும் நரை. தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. ரெடிமேட் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுப்பது அவருக்கு வேலை. காலையில் சட்டைகள் மூட்டையாக வரும், சாயங்காலம் மூட்டையாகப் போகும். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருப்பார், உதடும் அசைந்துகொண்டே இருக்கும். ஒரு பட்டனுக்கு ஒரு ஆள். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாரானால் அந்த ஆளின் செபம் முடிந்தது. அந்தச் சட்டைகளை எந்தெந்த ஊரில் யார் யாரெல்லாம் வாங்கிப் போட்டார்களோ தெரியாது. எங்கள் வரிசையின் நோவும் கடனும் சண்டையும் அவர்கள் நெஞ்சுக்கு நேரே தைத்திருந்தது.

அவர் செபத்தில் அழுகை கிடையாது, கெஞ்சல் கிடையாது. மளிகைக் கடையில் சாமான் சொல்வதுபோலச் சொல்வார். இன்னாருடைய மகன் இன்னார், இன்ன வரிசையில் இன்ன வீடு, அவனுக்கு இன்னது வேண்டும், ஆமென். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே நான் ஒரு தடவை கேட்டேன்.

"ஆண்டவருக்கு வீட்டு நம்பர் எல்லாமாக்கா சொல்லணும்?"

"ஒரே பேருல எத்தன பேரு இருக்காவ பிள்ள. ஆளு மாறிறக் கூடாதுல்லா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது.

கொத்தனார் விபத்தைப் பற்றியும் அவர் என்னிடம் ஒரே ஒரு முறை பேசினார். நான் வந்த புதிதிலும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த கொத்தனாருக்குக் கஞ்சி கொண்டுபோயிருக்கிறார். அந்த ஆள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். தூக்குச் சட்டியோடு அப்படியே திரும்பி வந்து, என் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். "நான் காலக் கேக்கலியே பிள்ள. போகாம இருக்கணும்னுதானே கேட்டேன்" என்றார். அதையே மறுபடி சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, நான் ஏதோ தீர்ப்புச் சொல்லப் போகிறவள்போலக் காத்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இன்னொரு கதையும் வரிசையில் உலவியது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மாட்டுங்காவில் ஒரு வரன் வந்து, மாப்பிள்ளையின் தாயார் முரண்டு பிடித்ததால் இழுத்துக்கொண்டே கிடந்தது. தடையெல்லாம் நீங்க வேண்டும் என்று பெண்ணின் அம்மா அக்காவிடம் கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாயார் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், காமாலையில் படுத்து எழுந்திருக்கவே இல்லை. கல்யாணம் நடந்தது. மேளம் வைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை, யூனியன் ஆள். இதையெல்லாம் நம்ப மாட்டார். "அந்தக்கா நாள் முழுக்க ஊருக்கே செபிக்கா. நடக்காதத எவன் கணக்கு வச்சான்? நடந்த ரெண்டத் தூக்கிக்கிட்டு அலையுதிய" என்பார். சரியான பேச்சுத்தான். பகலில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவருக்கே விஷக்காய்ச்சல் வந்து படுத்தபோது, அத்தை கதவைச் சாத்தியதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்காவின் கணவரை நாங்கள் அண்ணன் என்போம். அதிகம் பேசாதவர். தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. ஆட்டுத்தோலை முடி உதிர்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அதில் இறங்கி நின்று தோலைப் புரட்டிப் புரட்டி எடுக்க வேண்டும். வருடக் கணக்கில் அந்த வேலை செய்து அவர் கைகள் இரண்டும் வெந்துபோயிருந்தன. விரல் இடுக்கெல்லாம் பிளந்து, நகங்கள் மஞ்சளாகிச் சுருண்டு, சோற்றைப் பிசையும்போது உப்புப் பட்டால் கண்ணை மூடிக்கொள்வார். அக்கா தினமும் சாயங்காலம் தேங்காயெண்ணெயைச் சுடவைத்து அந்தக் கைகளில் தடவுவார். அப்போது மட்டும் அவர் உதடு அசையாது. பல்லைக் கடித்தபடி தடவுவார்.

அண்ணனுக்காக அவர் ஒருநாளும் செபித்ததில்லை. இது வரிசைக்கே தெரியும், அண்ணனுக்கும் தெரியும். முதலில் அவர் அதைத் தமாஷாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "பால்காரனுக்கு உண்டு, போஸ்ட்மேனுக்கு உண்டு, சந்துல போற சிந்திக் கிழவனுக்கும் உண்டு. எனக்கு மட்டும் கெடையாது" என்று சிரிப்பார். வருடம் ஏற ஏற அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், அக்கா பட்டன் தைத்துக்கொண்டு முணுமுணுக்கும்போது அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்த காலம் அது. சாமியார் முதுகைக் காட்டாமல் எங்கள் முகத்தைப் பார்த்துப் பூசை வைக்க ஆரம்பித்திருந்தார். எல்லாம் புதிதாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் செம்பூரில் சனி, ஞாயிறு இரண்டு நாள் தமிழ்த் தியானம் என்று கோயிலில் அறிவித்தார்கள். ஊரிலிருந்து ஒரு சாமியார் பிரசங்கத்துக்கு வருகிறார். ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்காரலாம். புருஷன் பெண்டாட்டி அடுத்தடுத்து உட்காரலாம் என்றதும் கோயிலில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

அத்தை என்னைக் கூட்டிப் போனதற்குக் காரணம் இருந்தது. எனக்கு இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. மறுபடி நாள் தள்ளியிருந்தது. மாதாவிடம் நேரில் முறையிடலாம் என்பது அத்தையின் எண்ணம். செய்தி அக்காவுக்குத் தெரியக்கூடாது என்பதும் அவர் எண்ணம். வாந்தி வந்தால் வாயில் முந்தானையை அடைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மதராஸிகளை ஊரைவிட்டு விரட்ட வேண்டும் என்ற கூச்சல் கிளம்பியிருந்த நேரம். மாட்டுங்காவில் ஒரு ஓட்டலின் பெயர்ப் பலகையில் தார் பூசியிருந்தார்கள். எனவே கூட்டமாகப் போக வேண்டாம், வண்டியில் தமிழில் சத்தமாகப் பேச வேண்டாம் என்று கோயில் உபதேசியார் சொல்லி அனுப்பியிருந்தார். சுனாபட்டியில் ரயில் ஏறினோம். எங்கள் வரிசையிலிருந்து எட்டுப் பத்துப் பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல ஆளுக்கொரு மூலையில் நின்றோம். அக்காவும் அண்ணனும் கதவோரம் நின்றார்கள். கைகளைக் கால்சட்டைப் பைக்குள் மறைத்துக்கொள்வது அண்ணனின் வழக்கம். வண்டி ஆடும்போது பிடித்துக்கொள்ள முடியாமல் அவர் தடுமாற, அக்கா அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

தியானம் நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெக்கை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாயில் தீ எரிவது பகலிலேயே தெரிந்தது. காற்று திரும்பும்போது அழுகிய முட்டை நாற்றம் ஹாலுக்குள் வந்து போயிற்று. பிரசங்கச் சாமியார் வாலிபர், நல்ல குரல். கேளுங்கள், கொடுக்கப்படும் என்பதைப் பற்றியே முதல் நாள் முழுவதும் பேசினார். "நாம் கேட்பதில்லை. கேட்கத் தெரிவதில்லை. தகப்பனிடம் கேட்கப் பிள்ளைக்கு என்ன பயம்?" என்றார். எங்கள் வரிசை ஆட்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். முக்காடு கண் வரைக்கும் இறங்கியிருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு விட்டார்கள். மைதானத்து மர நிழலில் எலுமிச்சம்பழச் சோற்றை வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தேன். வாசனையே குமட்டியது. அத்தை கை கழுவப் போயிருந்தார். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தன மாசம்?"

நான் முந்தானையை வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பயப்படாத. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லி, என் இலையிலிருந்த சோற்றைத் தன் இலைக்கு மாற்றிக்கொண்டு, அவரிடமிருந்த ஊறுகாய்த் துண்டை எனக்கு வைத்தார். அந்த ஒரு செய்கையில் எனக்கு அவர் மேலிருந்த பயம் கொஞ்சம் விலகியது. அதனால்தான் கேட்டுவிட்டேன்.

"அண்ணனுக்கு மட்டும் ஏன்க்கா செபிக்க மாட்டேங்கீய? அவருக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா?"

அவர் தூரத்தில் எரிகிற தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு ஒரு பையன் இருந்தான் பிள்ள. ஊர்ல. காய்ச்சல் தலைக்கு ஏறிட்டு. வெட்டி வெட்டி இழுக்கு, பிள்ள துடிக்கான். அவரு டாக்டரக் கூட்டியாறப் போயிருந்தாரு. நான் முட்டு போட்டு, என் மகன் வேதன தீரணும் ஆண்டவரேன்னு கேட்டேன். ஆமென் சொல்லி வாய மூடல, தீந்துட்டு."

அவர் இலையிலிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"பொழைக்கணும்னுல்லா கேட்டிருக்கணும். அந்த நேரம் எனக்கு வேதனதான் கண்ணுல தெரிஞ்சுது. வார்த்தய மாத்திக் கேட்டுட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லல."

"அப்ப மத்தவங்களுக்கு மட்டும்..."

"கேக்காம இருக்க முடியலட்டி. ஒருத்தர் கஷ்டம் காதுல விழுந்தா வாயில வந்துருது. வெளில இருக்கவங்களுக்கு வந்துட்டுப் போட்டும். அவருக்குன்னா நாக்கக் கடிச்சிக்கிடுவேன். எனக்கு மிச்சம் அவரு ஒருத்தருதான."

அத்தை வருவதைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் தியானம் முடியப் போகிற நேரம். சாமியார் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்று, ஒருவர் தலையில் ஒருவர் கைவைத்து, சொந்த வார்த்தையில் செபிக்க வேண்டும். அதுவரை அப்படி எங்கேயும் நாங்கள் செய்ததில்லை. வெட்கத்தில் சிரிப்பு. பிறகு ஹால் முழுக்க முணுமுணுப்பு. சிலர் அழுதார்கள். வீட்டுக்காரருக்கு அன்று மில் ஷிப்ட் என்பதால் அத்தை என் தலையில் கைவைத்து வேண்டிக்கொண்டார். அண்ணனும் அக்காவின் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். பிறகு தலையைக் குனிந்து காத்திருந்தார். அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முணுமுணுப்பு ஓய்ந்துவிட்டது. அண்ணன் இன்னும் குனிந்தே நின்றார். சாமியார் அருகில் வந்தார்.

"என்னம்மா, கையை வையுங்க."

"வேண்டாம் சாமி."

அண்ணன் நிமிர்ந்தார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஊருக்கெல்லாம் செபிக்கா சாமி. எனக்கு ஒரு நாளு கெடையாது. நான் என்ன பாவம் செஞ்சேன்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க."

ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாமியார் கனிவாகத்தான் கேட்டார். "ஆண்டவர் மேல நம்பிக்கை இல்லையாம்மா?"

"இருக்கு சாமி" என்றார் அக்கா. "இருக்கதுனாலதான் வேண்டாங்கேன்."

சாமியாருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? பயத்தை விடச் சொன்னார், தகப்பனை நம்பச் சொன்னார். அண்ணன் அதற்குள் முழங்காலில் விழுந்துவிட்டார். பைக்குள்ளேயே கிடக்கும் அந்த இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, அக்காவின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். "ஒரு தடவ" என்றார்.

அக்கா வெகு நேரம் நின்றார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. கடைசியில் அவர் தலையில் கையை வைத்தார். இன்னாருடைய மகன் இன்னார், என்று ஆரம்பித்தார். ஊர், வரிசை, வீடு, கம்பெனி, எல்லாம் சொன்னார். "இவருக்கு ஒண்ணும் வரக் கூடாது. உசுருக்கு ஒண்ணும் வரக் கூடாது, ஒடம்புக்கு ஒண்ணும் வரக் கூடாது. இவரு கை மட்டும் அந்தத் தொட்டிய விட்டு வெளிய வரணும். ஆமென்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். கொத்தனார் பெண்டாட்டி மட்டும் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

திரும்பும்போது அண்ணன் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஸ்டேஷனில் அக்காவுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார். வண்டியில் தமிழ் பேச வேண்டாம் என்பதையும் மறந்து என் அத்தையிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தார். அக்கா அந்தப் பூவை மடியில் வைத்திருந்தார். தலையில் வைக்கவில்லை.

தியானத்துக்கு வந்தவர்களில் கம்பெனி ஆட்களும் இருந்தார்கள். திங்கட்கிழமையே செய்தி தொட்டிக்குப் போய்விட்டது. அண்ணனோடு சேர்ந்து இறங்க ஒருவனும் தயாராயில்லை. ஏதோ நடக்கப் போகிறது, பக்கத்தில் நின்றால் நமக்கும் படும் என்று மேஸ்திரியிடம் போய் நின்றார்கள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, தோல் காயப்போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார். வெயில்தான், ஆனால் சுண்ணாம்பு கிடையாது.

வரிசையே மூச்சு விட்டது. இந்தத் தடவை ஒன்றும் போகவில்லை, கேட்டது மட்டும் கிடைத்திருக்கிறது. என் வீட்டுக்காரர்கூட, "பாத்தியா, பயமே வேல வாங்கிக் குடுத்துட்டு" என்று சிரித்தார். அண்ணனின் விரல் பிளவுகள் மூட ஆரம்பித்தன.

அவர் இடத்துக்கு ஒரு வாலிபனைப் போட்டார்கள். ஊரிலிருந்து தாயைக் கூட்டிக்கொண்டு வந்து, பின்வரிசையில் குடியிருந்தவன். நிலையான வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு காகிதப் பொட்டலத்தில் ஜிலேபி வாங்கிக்கொண்டு அக்காவிடம் வந்தான். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"ஒங்க செபத்துல எனக்கும் வேல கெடச்சிட்டுக்கா" என்றான்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. "எந்தத் தொட்டி?" என்று கேட்டார்.

"அண்ணன் நின்ன தொட்டிதான்."

"அங்க போகாதல. வேற வேல கேளு."

அவன் சிரித்தான். "வேற வேல யாருக்கா தாரா? நீங்க எனக்கும் ஒரு செபத்தப் போடுங்க, அது போதும்" என்று பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். அக்கா ஊசியைக் கையில் எடுத்தார். உதடு ஒரு முறை அசைந்தது. உடனே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். என்ன வார்த்தையில் கேட்பது என்று அவருக்கு அகப்படவில்லை. பொட்டலம் அங்கேயே கிடந்து எறும்பு மொய்த்தது.

மழைக்கு முன்னால் தொட்டிகளைக் காலி செய்து அடியில் தேங்கிய சேற்றை அள்ளுவது வழக்கம். அந்த வாலிபன்தான் இறங்கினான். சேற்றைக் கிளறியதும் கிளம்பிய விஷவாயுவில் அப்படியே சரிந்தான். கயிறு கட்டி இழுத்து வெளியே போட்டபோது உயிர் இல்லை. வருடா வருடம் அந்தத் தொட்டியில் சேறு அள்ள இறங்கியவர் அண்ணன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் அவனுடைய தாய் எங்கள் வரிசைக்கு வந்தாள். எல்லோரும் கதவு இடுக்கில் நின்று பார்த்தோம். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் அக்காவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். தணிந்த குரலில்தான் பேசினாள்.

"நீ ஒம் புருசனுக்குக் கேட்டது தப்புன்னு சொல்ல வரலம்மா. யாருன்னாலும் கேப்பா. அந்தத் தொட்டியில எறங்குத எல்லாருக்கும் சேத்துக் கேட்டிருக்கலாமே. ஒனக்கு ஒரு வார்த்ததானம்மா கூட."

அந்தத் தாய் தரையில் கையை ஊன்றி எழுந்து போனாள். அக்காவின் மடியில் சட்டையும் கையில் ஊசியும் அப்படியே இருந்தன. சாயங்காலம் மூட்டை எடுக்க வந்த ஆள் தைக்காத சட்டைகளை ஏசிக்கொண்டே கட்டி எடுத்துப் போனான்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதுவரை அக்காவைக் கண்டால் கதவைச் சாத்தியவர்கள் ஒவ்வொருவராக அவர் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர் செபித்தால் பயம் என்பது போய், அவர் செபத்தில் விட்டுப்போனால் பயம் என்றாகிவிட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் மாட்டுங்காவிலிருந்து புருஷனோடு வந்தாள். கொத்தனார்கூடக் கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். "எம் பேரயும் சொல்லிரும்மா" என்றார்.

அத்தையும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எத்தனை நாள் ஒளித்து வைத்த வயிறு! கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "வயித்துல இருக்கு. இவளுக்கும் ஒரு வார்த்த" என்றார்.

அக்கா கதவை உள்ளே தாழிட்டிருந்தார். அண்ணன் வாசலில் உட்கார்ந்து, ஆறிக்கொண்டு வரும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. அத்தை கதவைத் தட்டித் தட்டி என் பேரைச் சொன்னார், என் அப்பா பேரைச் சொன்னார், வீட்டு நம்பரைச் சொன்னார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நான் கேக்கல. அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வெயில்ல நிக்க வைக்காதீய."

அத்தை அங்கேயே அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. நன்றியா, திகிலா, என்னவென்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை பிறக்கும் வரை அது இறங்கவே இல்லை.

அந்த வாரத்திலேயே இருவரும் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். காலையில் நாங்கள் எழுந்தபோது கதவு திறந்து கிடந்தது. முலுண்டுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள் சிலர். ஊருக்கே போய்விட்டார்கள் என்றார்கள் சிலர். எனக்கு மகள் பிறந்தாள், குறை ஒன்றும் இல்லாமல்.

அவள் நடக்க ஆரம்பித்து, வாயாடத் தொடங்கிய வயதில் ஒரு நாள் கிங்ஸ் சர்க்கிளில் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். முன்னால் நின்ற குள்ளமான பெண் திரும்பினார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அண்ணன் எப்படி இருக்காவ?" என்று கேட்டேன்.

"இருக்காரு. கை நல்லாயிட்டு" என்றார், ஏதோ கெட்ட செய்தி சொல்வதுபோல. "யாருகூடயும் பேச மாட்டேங்காரு. எங்கூடயும்தான்."

பிறகு என் மகளைப் பார்த்தார். குனிந்து, அவள் கன்னத்தைத் தொடப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். "ஒன்ன மாதிரியே இருக்கா" என்றார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கும் பழையதெல்லாம் மறந்துபோயிற்று. மகளை முன்னால் தள்ளி, "பெரியம்மாவுக்கு ஒம் பேரச் சொல்லு" என்றேன்.

மகள் வாயைத் திறப்பதற்குள் அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வேண்டாம்ட்டி. பேரு மட்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா வாயில வந்துரும்."

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். மகள் பயந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. எங்களுக்கும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை. அக்கா காதிலிருந்து கையை எடுக்காமலேயே, தோளால் இடித்து இடித்துக் கூட்டத்துக்குள் ஏறினார். கண்டக்டர் இந்தியில் அதட்டிக்கொண்டே மணியடித்தார்.